பிளாஸ்திரி ஒட்டிய இடம்

ஆராயி முந்தானையை நனைத்து நனைத்துக் கணவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பீங்கான் கம்பெனியில், சூளை அணைந்துவிட்டதென்று நம்பி உள்ளே போன காத்தவராயன் புகையில் சுருண்டு விழுந்திருந்தான். அவனுடைய நீலப் பனியனெல்லாம் வெள்ளை மண்பொடி. எவ்வளவு துடைத்தும் உதட்டோரத்தை விட்டு அது போகவில்லை.

அவசரப் பிரிவு டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப மூன்று பக்கம். மயக்கம், வாந்தி, வாயில் வெள்ளைப் பொடி என்று தொடங்கியது; சூளைப் புகை கடைசிப் பக்கத்தின் அடியில் கிடந்தது.

"சார், பொகைங்கறத மொதல்ல எழுதுங்க. மூணாம் பக்கத்த அங்க யாரு பொரட்டுவா? கொளஞ்சியப்பர் கோயில்ல நாயம் கேட்டு எழுதிக் கட்டுற பிராதே நாலு வரிதான். சாமிக்கே அது போதுது" என்றாள் நர்ஸ் பாரதி.

"சாமிய யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டாங்கம்மா. ஒண்ண விட்டாலும் என்னையத்தான் கேப்பாங்க."

பாரதி அகலமான பிளாஸ்திரியைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதி, பனியன்மேல் நெஞ்சோடு அழுத்தி ஒட்டினாள். ஆராயிக்குப் படித்தும் காட்டினாள்: 'சூளைப் புகை. விஷம் இல்லை. வாயில் இருப்பது மண். உடனே ஆக்சிஜன்.'

"ஒம் புள்ளகுட்டிங்க நல்லாருக்கணும் தாயி."

ஆம்புலன்ஸ் வேப்பூர் விபத்துக்குப் போயிருந்தது. சூப்பர்வைசர் சாமிதுரை கம்பெனி வேனைக் கொண்டுவந்தார். பாரதி சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை ஏற்றிவிட்டாள்.

"நீ முன்னாடி ஒக்காரும்மா. அழுது அழுது நீயும் வுழுந்துடாத. இவர நான் பாத்துக்கறேன்" என்றார் சாமிதுரை.

அந்த நல்ல மனசுக்குக் கொளஞ்சியப்பர் குறை வைக்க மாட்டார் என்று ஆராயி கும்பிட்டுக்கொண்டாள். பின்னால் அவர் போனில் பேசுவது கேட்டது. "ஆமாங்க மொதலாளி, நெஞ்சுலயே ஒட்டிருக்குது... சரிங்க, சரிங்க."

வடலூர் தாண்டும்போது சிலிண்டர் தீர்ந்துபோனது.

கடலூரில் டாக்டர் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு உதட்டைப் பார்த்தார். "என்ன மருந்தக் குடிச்சாரு? வூட்டுல சண்டையா?"

"ஐயோ, ஒண்ணும் குடிக்கலீங்க! சூளைப் பொகைங்க! நெஞ்சுல எழுதி ஒட்டிருக்குது, பாருங்க!"

"வர்றவங்க எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. தள்ளும்மா, வயித்தக் கழுவணும்." குழாயை எடுத்தார்கள்.

ஆராயி திரும்பினாள். வாசலில் நின்ற சாமிதுரை விரல் நுனியில் ஒட்டிய பசையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைப் பொடி அப்பிய பனியன் நெஞ்சில், பொடி உரிந்து, நீலமாய் ஒரு கட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. அது மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மறுபடி ஏற வெகுநேரம் எடுத்தது.