தண்ணீருக்கு விட்ட கீழ்த்தளம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஏறாவூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த முப்லிஹா மச்சாள், சோற்றைப் பிசைந்தபடி, "அந்த டொக்டரோட இனி ஒரு வேலையும் செய்ய ஏலா" என்றாள். அவள் கட்டடக் கலைஞர். வாவிக்கரையில் வரப்போகும் மகப்பேற்று ஆஸ்பத்திரிக்கு வரைபடம் போடுகிறவள். டொக்டர் என்றது, பிரசவ வாட்டுக்குப் பொறுப்பான நிருஷாவை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வாவியின் மேல் மாலை ஒளி சரிந்து, நாணல்கள்..."

(வேண்டாம். பிள்ளை பெற வருகிறவர்கள் நாணல் பார்க்க வருவதில்லை.)

2

மச்சாளின் திட்டத்தில் கட்டடம் தூண்களில் நின்றது. கீழ்த்தளம் வெறுமை, வாவி பெருகினால் தண்ணீர் அதனூடே போய்விடும். வாட்டுகள் எல்லாம் மேலே, வாவிக் காற்று குறுக்கே ஓடும் ஜன்னல்களோடு. கூரையில் சோலார் தகடுகள். ஊரில் கரண்ட் போனாலும் பிரசவ அறை இருளாது.

கூட்டத்தில் நிருஷா எழும்பினாராம். "ஒரு கட்டில்ல ரெண்டு தாய்மார் கிடக்காங்க. நீங்க தூணுக்கு இடம் குடுக்கிறீங்க?"

"தண்ணி வந்தா கீழ படுத்திரிக்கிறவங்கள என்ன செய்யிற டொக்டர்?"

"தண்ணி எப்பவாவது வரும். பிள்ளை ஒவ்வொரு நாளும் பிறக்குது."

நிருஷாவை நாளையைப் பற்றிக் கவலைப்படாத பிடிவாதக்காரியாக எழுதினேன். வில்லி கிடைத்த சந்தோஷத்தில் பேனா தானாக ஓடியது. பிறகுதான் மச்சாள் மிச்சத்தைச் சொன்னாள்: போன வெள்ளத்தில், இடுப்பளவு தண்ணீர் புகுந்த பழைய வாட்டில் நின்று பிரசவம் பார்த்தவரே நிருஷாதான்.

(எழுதியதைக் கிழித்தேன். வில்லி இல்லாமல் கதை எழுதுவது கஷ்டம்.)

3

கூட்டம் முடிந்ததும் நிருஷா மச்சாளை அந்தப் பழைய வாட்டுக்குக் கூட்டிப் போனார். கிரான் ஊரிலிருந்து வந்த கண்ணகை, முதல்நாள் பிள்ளை பெற்றவள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாயில் கிடந்தாள். ஆளைக் கண்டதும் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

"நிக்காதீங்க அக்கா, இதுல இருங்க."

மச்சாள் அந்தப் பாயின் ஓரத்தில் இருந்தாள். அப்போதுதான் சுவரில் வெள்ளக் கறையைக் கண்டாள். பாயில் இருந்தவளுக்கு அது தலைக்கு மேலே இருந்தது.

"எனக்கு ரெண்டும் தெரியும்," என்றார் நிருஷா. "ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி சொல்லுங்க."

4

புதிய வரைபடத்தில் கீழ்த்தளத்தின் பாதியில் கட்டில்கள். மறுபாதியில், கட்டிலோடு மேலே தள்ளிக்கொண்டு போகக்கூடிய அகலமான சரிவுப் பாதை. அதை இருவரும் ஏற்றார்கள். இருவருக்கும் திருப்தியில்லை. பாயில் இன்னும் ஆட்கள் மிஞ்சுவார்கள் என்கிறார் நிருஷா. கீழே கிடக்கும் ஒவ்வொரு கட்டிலும் தன் நித்திரையைக் கெடுக்கிறது என்கிறாள் மச்சாள்.

அத்திவாரம் எழும்பிவிட்டது.

5

முடிவு ஒன்று: வெள்ளம் வருகிறது. கட்டில்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. டொக்டரும் மச்சாளும் ஒரே கட்டிலைத் தள்ளுகிறார்கள். (அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: வெள்ளம் வருகிறது. தள்ள ஆள் போதவில்லை. கடைசிக் கட்டிலில்

(இதற்கு மேல் எழுதவில்லை.)

கட்டி முடியாத ஒரு வாட்டுக்குள், என் கதைக்கு முடிவு வேண்டும் என்பதற்காகத் தண்ணீரை விட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வேண்டுமானால் மழையை எழுதுங்கள். அதற்கு முன், கீழ்த்தளத்தில் யாரைப் படுக்க வைத்திருக்கிறீர்கள் என்று பெயர் சொல்லிவிட்டு எழுதுங்கள்.