தேதி இல்லாத சீட்டு

‘நாரா’ என்றால் எங்கள் கொரிய மொழியில் நாடு. ஜப்பான்காரனுக்கு அது ஒரு பழைய தலைநகரத்தின் பெயர். அவனே அதை ஒரு சொல்லின் கடைசியில் ஒட்டினால் ‘என்றால்’ என்று அர்த்தம். தோல் விற்க வந்த மங்கோலியன், ‘நார்’ என்றால் சூரியன் என்றான். சமஸ்கிருதம் படித்த பிட்சு ஒருவர் ‘நர’ என்றால் மனிதன் என்று எழுதிக் கொடுத்தார். இத்தனையையும் ஒரே அட்டையில் நெருக்கி எழுதியவன் பியன் தேயுன். எங்கள் அகராதி அலுவலகத்தில் அவனைப் போல உழைப்பாளி கிடையாது, அவனைப் போல வாய்க்கொழுப்பும் யாருக்கும் கிடையாது.

அத்தோடு விட்டானா? ஜப்பானிய நகரத்தின் பெயர் சமமான நிலத்தைக் குறிக்கிறது என்று அவர்கள் சொல்வதை ஒரு வரியில் முடித்துவிட்டு, எங்கள் சொல்தான் அங்கே போயிருக்கலாம் என்று நாலு வரி எழுதினான். அவர்கள் ஆட்சியில், சியோலில் உட்கார்ந்துகொண்டு.

“கிழிச்சுப் போடுடா” என்றேன்.

“தப்புன்னு சொல்லுங்கண்ணே, கிழிக்கிறேன்.”

“உள்ள தூக்கிப் போட்டுருவாங்க.”

“அங்கயாவது கஞ்சி சூடா கிடைக்கும்ல?”

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி உத்தரவு வந்தது. போலீஸ் பார்த்து முடிக்கும்வரை ஓர் அட்டைகூட வெளியே போகக் கூடாது, போனால் சிறை. அன்றிலிருந்து சாம்பல் கோட்டுக்காரன் ஒருவன் தெருமுனையில் நின்றான். நாங்கள் தாழ்ந்த குரலில் பேசப் பழகினோம்.

பன்னிரண்டாம் தேதி மதியம் ‘நா’ பெட்டியைத் திறந்தேன். நாரா இல்லை. அந்த இடத்தில் ஒரு சீட்டு: ‘வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பியன் தேயுன்.’ அட்டையை எடுப்பவர் பெயரும் தேதியும் எழுதிச் சீட்டு வைக்க வேண்டும், பதிமூன்று வருஷப் பழக்கம். ஒளித்து வைக்கிற அட்டைக்கும் சீட்டு வைத்திருக்கிறான், மடையன். அதிலும் தேதி போடவில்லை. தேதியில்லாத சீட்டைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ட அன்றைய தேதியைப் போட்டுவிடுவேன். பன்னிரண்டு என்று எழுதிப் பெட்டியை மூடினேன். சாயங்காலம் அவனைத் திட்டி அட்டையை வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மூன்று மணிக்கே போலீஸார் வந்துவிட்டார்கள். அவர்களில் கு என்ற துப்பறிவாளன் எங்கள் ஆள்தான், கொரியன். சீட்டு அவன் கையில் சிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“என்ன வாத்தியாரே, நாட்டையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டீங்களா?”

“எட்டாம் தேதியே எடுத்தேன் சார். உத்தரவுக்கு முன்னாடி” என்றான் தேயுன்.

கு சீட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“அப்ப இது? பன்னெண்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.”

தேயுன் சீட்டை வாங்கிப் பார்த்தான். என் எழுத்து வலப்பக்கம் சாயும், அவனுக்குத் தெரியாததில்லை. என் கை பட்டது தெரிந்தால் என்னையும் பிடிப்பார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் இரண்டு பெண்களும் அவன் மடியில் ஏறி விளையாடியவர்கள்.

“மறந்துட்டேன் சார்” என்றான். “பன்னெண்டுதான். நான்தான் எழுதினேன்.”

நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. செருப்புப் போடக்கூட விடாமல் அவனை இழுத்துப் போனார்கள். வாசலைத் தாண்டும்வரை ஒரு தடவையாவது திரும்புவான் என்று நின்றேன். அவன் திரும்பவில்லை.