கீழ் வீடு

"சுந்தரம், நம்ம வீட்டு ஜன்னல் ஏன் ரோட்டுக்குக் கீழ கெடக்கு? சொல்லு பாப்போம்."

"தேர் போறதுக்கு ரோட்டை ஒசத்திக்கிட்டே வாரான். ஜன்னல் கீழ போவுது. இதுல என்ன அதிசயம்?"

"அம்புட்டு ஒசரத்துக்கா ஒசத்துவான்?"

"உங்களுக்குக் கஞ்சி ஆறுது."

"ரோடு ஒசரலைட்டி. வீடு முங்கிக் கெடக்கு. இது மாடி. நம்ம வீடு இன்னும் கீழ இருக்கு."

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஞானையாவும் சுந்தரபாயும் பேசிய பேச்சு அது. மகன் ஜெயசிங் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது சுந்தரபாய் இறந்துகிடந்த கணவரின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, விளக்குமாற்றுக் குச்சியால் நகக்கண்களிலிருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புக்கல் கலந்த வெள்ளைச் சுக்கான் மண். குளிப்பாட்டியும் போகவில்லை.

"அம்மா, பெட்டி வந்துட்டு. விடுங்க, போதும்" என்றான் ஜெயசிங். மதுரையில் வங்கி வேலை. தந்தி கிடைத்து விடியற்காலை பஸ்ஸில் வந்திருந்தான்.

"இந்த ஒரு விரல்தான் மக்கா. அழுக்கு நகத்தோட சர்ச்சுக்குப் போக மாட்டாவ."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஞானையா மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பூசணிக்காயும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வகுப்பில் பனை உயரக் கதவுகளை வரைந்து காட்டுவார். ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஒரே ராஜ்ஜியம் இருந்ததாம். அதன் மாளிகைகளை ஒரே ராத்திரியில் மண் மழை பெய்து மூடிவிட்டதாம். வெள்ளைக்காரன் வந்து, வெளியே துருத்திக்கொண்டிருந்ததைத் தோண்டி எடுத்து, சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஒரு வருஷத்தையும் செதுக்கி வைத்துவிட்டானாம். கோர்ட்டு, கலெக்டர் பங்களா, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் அப்படி வந்தவைதானாம்.

"நம்ம சர்ச்சுமா?" என்று சுந்தரபாய் ஒருமுறை கேட்டாள்.

"அதைச் சர்ச்சு ஐயர்கிட்ட சொல்லிராத" என்றார்.

ஊர் அவருக்கு 'மண்மூடி சார்' என்று பெயர் வைத்தது. ஜெயசிங் பள்ளிக்கூடத்திலிருந்து கிழிந்த சட்டையோடு வந்த நாட்களில் ஏன் சண்டை என்று அவள் கேட்டதில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் அப்துல் மஜீது உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடை வைத்திருந்த கடையநல்லூர்க்காரர். சாயங்காலமானால் ஞானையாவோடு வழக்காட வந்துவிடுவார்.

"எங்க வாப்பாவுக்கு வாப்பா சுண்ணாம்பு சுமந்த கலெக்டர் பங்களா வே அது! மண்ணுக்குள்ள கெடந்துதுங்கீரே?" என்று ஒருநாள் கத்தினார்.

"சுண்ணாம்பு சுமந்தாரு. சரி. கட்டினேன்னு சொன்னாரா?"

மஜீது அன்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். சுந்தரபாய் காபியோடு நின்று சிரித்துவிட்டாள். இப்போது அதே மஜீது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "என் பதிலைக் கேக்காமப் போயிட்டேரே வே" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

ஓய்வுபெற்ற பிறகுதான் கடப்பாரை வீட்டுக்குள் வந்தது. பின்னறையில் கட்டிலை நகர்த்திவிட்டுத் தரையைப் பெயர்த்தார். எடுத்த மண்ணைக் கொல்லையில் கொட்டினார். குழி ஆள் மறையும் ஆழத்துக்குப் போனது, பிறகு அதையும் தாண்டியது. ஏணி வைத்து இறங்குவார். மேலே பலகை போட்டு மூடுவார். ராத்திரியில் அந்தப் பலகை இடுக்கு வழியாக, பூட்டிய வீட்டைத் திறந்ததும் வருமே, அந்த வாடையோடு குளிர்காற்று வரும்.

"ஒருதரம் வந்து பாரேன் சுந்தரம்."

"எனக்குச் சோலி கெடக்கு."

எத்தனையோ முறை கூப்பிட்டார். ஒருமுறைகூட அவள் போகவில்லை. பயம் என்று அவர் நினைத்துக்கொண்டார். வீம்பு என்று ஜெயசிங் நினைத்தான். எனக்கும் காட்டுங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது அவளுக்குத்தான் தெரியும். இறங்கிப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லையென்றால், அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

நேற்று மத்தியானம் அவர் அவசரமாக ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் மண்.

"ஒரு வாசல் நிலை தட்டுப்படுது. மேல் கட்டை நல்லாத் தெரியுது. வா, காட்டுதேன்."

"உலை கொதிக்குது. வடிச்சிட்டு வாரேன்."

"வருவியா?"

"வாரேங்கேன்லா?"

அவர் சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டுப் பாயில் சாய்ந்தார். சோறு வடித்துவிட்டு அவள் வந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

சர்ச்சு உபதேசியார் கீர்த்தனையைத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். சுந்தரபாயின் உதடும் சேர்ந்து அசைந்தது. ஒவ்வொரு அடி முடியும்போதும் பின்னறைப் பக்கமிருந்து அதே அடி மெதுவாக, தாமதமாக, இன்னொரு முறை கேட்டது. குழி எதிரொலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும், அங்கேயும் ஒரு கூட்டம் ஒரு பெட்டியைச் சுற்றி நின்று பாடுவதுபோல் இருந்தது. சுற்றிப் பார்த்தாள். வேறு யாரும் திரும்பவில்லை.

தெருப் பக்க ஜன்னலில் கால்கள் வந்து நின்றன. அந்த ஜன்னலில் ஆட்கள் தெரியமாட்டார்கள், முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். காலை வைத்தே அவள் ஆளைச் சொல்லிவிடுவாள். டயர் செருப்பு மூக்காண்டியுடையது; கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டுபவன்.

"குழி ரெடியாயிட்டு அண்ணாச்சி. ஐயர் வரலாம்" என்று அவன் குரல் கேட்டது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒவ்வொரு கைப்பிடி மண் போட்டார்கள். சுந்தரபாய் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குழியின் பக்கச் சுவர்களைப் பார்த்தாள். மேலே சிவந்த செவல் மண். கீழே வெள்ளைச் சுக்கான். நான்கு பக்கமும் ஒரே சீராக இருந்தது. ஒரு செங்கல் துண்டுகூட இல்லை.

"அம்மா, போடுங்க. பின்னால ஆளு நிக்காங்க."

போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு வண்டி மண் கொட்டிக் கிடந்தது. கூலிக்கு வந்த ஆறுமுகச்சாமி கூடையும் மண்வெட்டியுமாக நின்றான்.

"யாருலே மண்ணு கொண்டாரச் சொன்னது?"

"நான்தாம்மா" என்றான் ஜெயசிங். "இன்னைக்கே மூடிருவோம். நீங்க தனியா இருக்கீங்க. இருட்டுல கால் தவறி விழுந்தா என்ன ஆவுறது?" ஆறுமுகச்சாமியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். "நாளைக்குத் துக்கம் கேக்க வாரவன்லாம் பின்னறையை எட்டிப் பாத்துட்டுச் சிரிச்சிட்டுப் போவான். போதும்மா. நான் ரொம்பப் பாத்துட்டேன்."

அடுத்த வீட்டுச் சுப்புத்தாய் முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "கோமதியம்மன் கோயில் புத்துமண்ணு, அக்கா. நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதான், இருந்தாலும் மூடுறதுக்கு முன்னால உள்ள போட்டிருங்க. இத்தனை நாள் தொறந்து கெடந்த குழி. உள்ள எது குடியிருக்கோ."

சுந்தரபாய் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

பின்னறையில் ஆறுமுகச்சாமி பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்தான். அதே குளிர்காற்று எழுந்து வந்து அவள் முகத்தில் பட்டது. ஏணியின் கடைசிப் படிகள் இருட்டுக்குள் இருந்தன. ஏணியின் மேல்முனையில் அவருடைய துண்டு தொங்கியது. அவன் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, முதல் கூடை மண்ணைத் தூக்கினான்.

"எறக்கி வையி" என்றாள்.

"அம்மா..."

"மக்கா, அந்த அரிக்கேன் வெளக்கை ஏத்திக் குடு. ஏணியைப் பிடிச்சுக்கோ."

"நீங்க எறங்கப் போறீங்களா? என்னத்துக்கும்மா? அங்கன ஒண்ணும் கெடையாது!"

"நீ பாத்தியா?"

ஜெயசிங்கும் ஒருநாள்கூட இறங்கியதில்லை. விளக்கை ஏற்றிக் கொடுத்தான். மண்டியிட்டு இரண்டு கைகளாலும் ஏணியை இறுக்கிப் பிடித்தான்.

அவள் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு கையில் விளக்கு, மறு கையால் ஏணி. படிகளில் அவர் கால் பட்டுத் தேய்ந்த இடங்கள் வழுவழுப்பாக இருந்தன. செவல் முடிந்து வெள்ளை மண் தொடங்கியது. கடப்பாரை முனை பதிந்த தடங்கள் விளக்கொளியில் மீன் செதில்களாகத் தெரிந்தன.

கால் தரையைத் தொட்டது. அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சத்தின் விளிம்பில் எழுந்து நின்றிருந்த மகனின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"அம்மா, என்ன இருக்கு?"

விளக்கின் திரியைத் தூண்டினாள். எதிர்ச் சுவரில் அவர் கடைசியாகத் தோண்டிய இடம் இருட்டாக உள்வாங்கியிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"வந்துட்டேன்" என்றாள், மேலே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். "எங்கன இருக்கு? எனக்கும் காட்டுங்க."