பிறந்த நாடு என்ற கட்டம்

நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. ஓஷேக் கேட்டு நான் சொன்னேனா, அவன் எழுதியதற்குத் தலையை மட்டும் ஆட்டினேனா? தலையை மட்டும் ஆட்டியிருந்தால் நல்லது என்று மனம் விரும்புவதால், சொல்லித்தான் இருப்பேன் என்று படுகிறது.

ஒடென்சே என்ற ஐரோப்பிய நகரில் ஆஸ்பத்திரி விரிப்புகள் தோய்க்கும் தொழிற்சாலை. ஈர விரிப்பின் ஒரு மூலையை நானும் மறு மூலையை அவனும் பிடித்து இயந்திரத்துக்குக் கொடுப்போம். இருவருமே அதிகம் பேசாதவர்கள். அவனுடைய ஊர் ஹலாயிப், செங்கடலோரம். அதற்குச் சூடானும் உரிமை கோருகிறது, எகிப்தும் கோருகிறது. அங்கே நிற்பது எகிப்துப் படை. எங்களோடு வேலைசெய்த அந்தோனிதாசன் அண்ணை இதைக் கேட்டுச் சிரித்தார்.

“ரெண்டு நாடு அடிபடுதெண்டா அங்க என்ன, தங்கமே கிடக்கு? கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். ஒட்டகம் இருக்கிறது என்றான் ஓஷேக். பிறகு, என் மகள் இருக்கிறாள் என்றான்.

தாயில்லாத செய்னப்புக்கு அப்போது பதினாலரை வயது. பதினைந்து வயதாவதற்குள் விண்ணப்பித்தால் அவளை இங்கே எடுக்கலாம். அவளுடைய பிறப்புப் பத்திரம் எகிப்து கொடுத்தது. ஆனால் அகதியாக வந்தபோது, முதல் விசாரணையில், மகள் சூடானில் பிறந்தவள் என்று அவன் சொல்லியிருந்தான். இரண்டும் ஒரே ஊர்தான், ஒரு கடிதம் வைத்து விளக்கட்டுமா என்று கேட்டான்.

அகதிகளாய் வந்த நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: முதல் சொன்னதை மாற்றாதே. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனாலும் அண்ணையிடம் கேட்டேன்.

“விளங்கப்படுத்தப் போனா இன்னும் துருவுவாங்கள், தம்பி. முதல் சொன்னதையே எழுதச் சொல்லு.”

கட்டத்தில் சூடான் என்று எழுதிவிட்டு ஓஷேக் என்னைப் பார்த்தான்.

ஏழு மாதத்தில் பதில் வந்தது. விண்ணப்பம் சூடானில் பிறந்த மகளுக்கு, பத்திரமோ எகிப்தில் பிறந்த ஒரு பெண்ணுடையது, நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீடு எழுதி, வரைபடமும் இணைத்தோம். அதில் ஹலாயிப் புள்ளிக்கோடுகளுக்குள் கிடந்தது. இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்க வயது கடந்திருந்தது.

ஓஷேக் மறுநாளும் என் எதிரே வந்து நின்றான். என்னை ஏதாவது கேட்டிருக்கலாம். விரிப்பின் மூலை மட்டும் முன்போலவே நேராக வந்துகொண்டிருந்தது.

அந்தோனிதாசன் அண்ணை ஓய்வுபெற்று டோஸ்ட்ருப்பில் மகளோடு இருக்கிறார். நான் அதே இயந்திரத்தில் நிற்கிறேன். ஓஷேக் வேறு வேலைநேரத்துக்கு மாறிவிட்டான். செய்னப்புக்குப் பதினெட்டு வயதில் ஹலாயிப்பிலேயே கலியாணம் நடந்தது. அவன் அதைக் கைபேசியில் பார்த்தான். படம் பாதியில் நின்றுவிட்டதாம்.