மூன்றாவது கிணற்றில் ஹீலியம்

சரவணம்பட்டியில் காந்தம் செய்யும் ஆலையொன்றில் கொள்முதல் வேலை பார்த்தாள் சண்முகப்பிரியா. அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப்போகும் உலைக்கான காந்தங்கள் அவை. திரவ ஹீலியத்தில் குளிர்ந்தால்தான் இயங்கும். வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஹீலியம் திடீரென்று நின்றுபோனது. அந்த நேரத்தில்தான், தான்சானியாவில் ஹீலியம் தேடித் துளைபோட ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவந்தது. அவள் கணவன் கதிர்வேல் போர்வெல் வண்டிக்காரன்.

"நீங்க போனா என்னங்க? ஆறே மாசந்தானுங்க" என்று அவள்தான் கிளப்பிவிட்டாள்.

ஆறு மாதம் இரண்டு வருஷமானது. முதல் கிணறு பொய்த்தது. இரண்டாவதில் வெந்நீர்தான் வந்தது. ஞாயிறுதோறும் போனில் பேசும்போது அவன் பக்கம் காற்று இரையும். தங்கள் தொண்டாமுத்தூர்த் தோப்பில் யானை வேலியை மிதித்ததுவரை சொல்லிவிடுவாள்; சொல்ல நினைத்தது மட்டும் வாயில் வராது. காலையில் எழுந்ததும் போனில் அவன் இருக்கும் ஊரின் வானிலையைப் பார்ப்பாள். அங்கே மழையென்றால் இங்கே துணி காயப்போடத் தயங்குவாள்.

ஒருநாள் மேலாளர் வரதராஜுலு அவள் மேசைக்கே ஓடிவந்தார்.

"அம்மணி, மூணாவது கிணத்துல ஹீலியம் வந்துபோட்டுதுங்க! நமக்கே சப்ளை பண்றாங்களாம். ஆனா இன்னும் நாலு கிணறு உங்க ஊட்டுக்காரரே போடோணுமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பாருங்க."

மாடிப்படியில் நின்று போன் போட்டாள்.

"ஆலைக்காகப் பேசட்டுங்களா, எனக்காகப் பேசட்டுங்களா?"

"உனக்காகப் பேசு, கண்ணு."

"வந்துருங்க." சொன்னதும் அழுகை முட்டியது. "என்னால முடியலீங்க."

கதிர்வேல் சொன்னான்: "ஒரு கிணறு போட்டுக் குடுத்துட்டு வாரேன். மத்ததை எங்கூட வேலை பாக்குற மைதீன் பிச்சை பாத்துக்குவான். அவனுக்கும் இந்தப் பாறை பழகிப்போச்சு."

நல்லவேளை, தான்சானியாக் கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

நான்கு மாதம் கழித்து, அவனுக்கு முன்பாக அவன் கிணற்று ஹீலியம் வந்து சேர்ந்தது. ஆலையே வாசலில் கூடிக் கைதட்டியது. கூட வந்த தாள்களில், துளையிட்டவர் என்ற இடத்தில் கதிர்வேலின் கையெழுத்து இருந்தது. இரண்டு வருஷத்தில் எழுத்து கொஞ்சம் மாறியிருந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"வந்து சேந்துருச்சுங்க."

"எல்லாஞ் சரியா இருக்குதா?"

"இருக்குதுங்க. நீங்க எப்பங்க?"

"பத்தொம்பதாந் தேதி."

அன்று மூன்றாம் தேதி. நேராக வரதராஜுலுவிடம் போய்ப் பத்தொன்பதிலிருந்து பத்து நாள் லீவு கேட்டாள்.