குதிரைக் கொட்டிலுக்குத் தரை

விடிய ஐந்தரைக்கே பன்னிரண்டு பெண்கள் மண்ணை இடித்துக்கொண்டிருந்தார்கள். மரக்குற்றியின் தலையில் குறுக்கே ஒரு கைப்பிடி அடித்த இடிகட்டை. தூக்கினால் தோள் கழன்றது, போட்டால் இடுப்பு கழன்றது. பனிக்குள் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியவில்லை. தொம், தொம் என்ற சத்தத்தை வைத்துத்தான் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று கலாராணி அறிந்துகொண்டாள்.

"மதினி, மூச்சு வாங்குதா?"

"வாங்கிக்கிட்டே இருக்கேன் புள்ள. குடுக்கத்தான் எவனையும் காணோம்" என்றாள் இராக்கம்மா.

இராக்கம்மா கலாராணியின் அண்ணன் பெண்சாதி. அண்ணன் செத்து ஆறு வருஷம். லயம் என்கிற தோட்ட வரிசைவீட்டில் கடைசிக் காம்பரா, அந்த ஒற்றை அறை, இன்றைக்கும் அவள் கையில் இருப்பது அவள் நாள் தவறாமல் வேலைக்கு வருவதால்தான். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கங்காணியின் ஏட்டில் ஒரு பேரு. பேரு விழாத ஆளுக்குக் காம்பரா கிடையாது. இராக்கம்மாவின் வீட்டுக்கு அத்திவாரம் என்று ஒன்று இருந்தால் அது அவளுடைய இரண்டு கால்கள்தாம்.

இடித்துக்கொண்டிருந்தது கோயிலுக்கு அல்ல, குதிரைக்கு. பதுளைக் கடைவீதியில் மூன்று தலைமுறையாக ஆணியும் சீமெந்தும் விற்ற குடும்பத்தின் வாரிசு பிரதீஷ், போன வருஷம் தோட்டத்துப் பங்களாவையும் மேற்கணக்கு என்கிற மேல்பகுதித் தேயிலையையும் குத்தகைக்கு எடுத்தார். பங்களா சுற்றுலா ஹோட்டல் ஆனது. முதல் நாளே ஒரு கட்டளை பிறந்தது: இனிமேல் எல்லாரும் தன்னைத் தொரை என்றே கூப்பிட வேண்டும். முதலாளி என்றால் கடை வாசனை அடிக்கிறதாம். தலையில் குதிரைக்காரத் தொப்பி, முழங்கால் வரை பழுப்புத் தோல் பூட்ஸ், கையில் ஒரு சின்னப் பிரம்பு. குதிரை ஏறத் தெரியுமா என்று கேட்டால் வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மட்டக்குதிரைக்காரனை மட்டும் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள்.

நாளைக்கு நான்கு குதிரைகள் வருகின்றன. கூடவே கொழும்பிலிருந்து விருந்தாளிகள், நாதஸ்வரம், ரிப்பன். பேர்ப்பலகை ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, ஒவ்வொரு குதிரைக்கும் ஒன்று. மூட்டு நோகாமலிருக்க இறப்பர் பாய் வந்துவிட்டது. குளிருக்குப் பேர் தைத்த கம்பளம் வந்துவிட்டது. வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டி நிரம்பி நின்றது. இல்லாத ஒன்றே ஒன்று தரை.

தரைக்கு அளவெடுத்த கதை தனிக்கதை. முந்தாநாள் பிரதீஷ் தாமே வந்தார். மேல் ஓரத்தில், மழையில் நனையாத பலகை ஒன்றின்மேல் நின்றார். காலடியில் ஐந்தங்குலப் பள்ளம். டேப்பைப் பிடித்தபடி கங்காணி சின்னராசா நீளமும் அகலமும் ஓடினார்.

"நாப்பதடிக்கு இருபதடி. கனம் அஞ்சங்குலம்." தொரை போனில் தட்டினார். "பத்துக் கனமீட்டர். ரெண்டு லொறி. முடிஞ்சுது."

அப்போது கலாராணி தேயிலைக் கூடையோடு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். கையில் மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கிறபோது செடியின் தலைமேல் போட்டு மட்டம் பார்க்கிற நேரான குச்சி. இருபது வருஷமாக அந்தக் குச்சியால் மலையையே மட்டம் பார்த்தவளுக்குக் கண்ணை உறுத்தியது. சேற்றில் இறங்கிக் கீழ் ஓரத்துக்குப் போனாள். பலகை மட்டத்துக்குக் கம்பைப் படுக்கவைத்துக் கீழே கையை விட்டாள். ஒரு சாண் முங்கி அதற்குமேல் ஒரு விரலும் போனது.

"தொரை, நிலம் சாஞ்சு கெடக்குங்க. அங்க அஞ்சங்குலம்னா இங்க பத்து. ரெண்டு லொறி பத்தாதுங்க. வந்து பாருங்க."

பிரதீஷ் சேற்றைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். விஞ்ஞானம் பூட்ஸின் பக்கம் நின்றது.

"அது தேயிலைக்கு உள்ள குச்சி. இது கொங்கிரீட். நீ கொழுந்தப் பாரு."

கொங்கிரீட் ஆலையில் போன் எடுத்த பெண்கூடக் கேட்டாளாம், நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்தீர்களா, சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிப் போடவா என்று. "தங்கச்சி, நாங்க ஹார்ட்வெயார் பரம்பரை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆறரைக்கு முதல் லொறி இரைந்துகொண்டு ஏறியது. முதுகில் உருளை சுற்றச் சுற்ற, வயிற்றில் எதையோ அரைக்கிற மிருகம் மாதிரி வந்து நின்றது. டிரைவர் அலவி மொனராகலை ஆள். இறங்கினதும் பெண்களின் கால்களைப் பார்த்தார்.

"வெறுங்காலா? இதுல இறங்காதீங்க தாயே. தோலத் தின்னுரும். பூட்ஸ் இல்லையா?"

பன்னிரண்டு பேரும் தொரையைப் பார்த்தார்கள். பதுளையில் அவர் கடை வாசலில் இறப்பர் பூட்ஸ்கள் மாலை மாலையாகத் தொங்குவதைப் பஸ்ஸில் போகிற எல்லாருமே பார்த்திருக்கிறார்கள்.

"ஒரு நாள் வேலைக்குப் பூட்ஸா?" என்றார் பிரதீஷ். "குதிரைக்கு லாடம் அடிக்கவே இன்னும் ஆள் கிடைக்கல."

"ஆள் கிடைச்சா எங்களுக்கும் சேத்து அடிச்சு விடுங்க தொரை" என்றாள் இராக்கம்மா. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தொரைக்கு அது கேட்கவில்லை, அல்லது தொரைகளுக்கு அது கேட்கக்கூடாது.

இன்றைக்குக் கொழுந்து கிடையாது, இந்த வேலைக்கு வருகிறவளுக்குத்தான் பேரு என்று நேற்றே சொல்லியாகிவிட்டது. இறங்கினார்கள். லொறியிலிருந்து கொங்கிரீட் வழியும் தகரப் பீலி மேல்பாதிக்குத்தான் எட்டியது. கீழ்ப்பாதிக்குத் தாச்சியில் அள்ளித் தலையில் சுமந்தார்கள். கொங்கிரீட் முதலில் குளிர்ந்தது, பிறகு வெதுவெதுப்பாக இருந்தது. பனிக்காலத்தில் அது சுகமாகக்கூட இருந்தது என்பதுதான் அதன் சூது. அட்டை கடித்த புண்ணும் பித்தவெடிப்பும் உள்ள காலில் அது சத்தமில்லாமல் வேலை பார்த்தது.

எட்டரைக்கு இரண்டாவது லொறியும் காலி. கீழ்க்கால்வாசி தரை சேறாகவே கிடந்தது.

பிரதீஷ் பலகையின்மேல் நின்று எட்டிப் பார்த்தார். முகம் சுண்டியது.

"எங்க மிச்சம்? அள்ளிக் குடிச்சீங்களா?"

"பள்ளம் குடிச்சுதுங்க" என்றாள் கலாராணி.

மூன்றாவது லொறிக்குப் போன் போனது. பத்தரைக்கு முன்னால் வராது என்றார்கள். தொரைக்குப் பொறுமை இல்லை. மேலே கனமாக விழுந்திருப்பதை வழித்துக் கீழே தள்ளச் சொன்னார். மண்வெட்டி போதவில்லை, கையால் வழித்தார்கள். ஆழமான மூலையில் இராக்கம்மா கரண்டைக்கால் முங்க ஒன்றரை மணி நேரம் நின்றாள். வழித்ததில் மேலும் சரியாகவில்லை, கீழும் நிறையவில்லை.

பத்து மணிக்கு அவள் சொன்னாள்: "கலா, என் காலு ரெண்டும் எங்க இருக்குன்னு பாரு. எனக்குத் தெரியல."

கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார்கள். சாம்பல் நிறச் சகதியைக் கலாராணி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கால் துடைத்தாள். சகதியோடு தோலும் வந்தது. குதிகாலில் தொடங்கி, அவித்த கிழங்கின் தோல் மாதிரி, இழுக்காமலே வந்தது. இராக்கம்மா அதைப் பார்த்த பிறகுதான் கத்தினாள்.

"தண்ணி! தண்ணி ஊத்துங்கடி!"

குழாய்க்கு ஓடியவளைப் பிரதீஷ் பிரம்பால் மறித்தார். "அந்தத் தண்ணி தரைக்கு. ஈரத்துல சிந்திச்சுன்னா பூச்சு கெட்டுரும்."

கலாராணி மதினியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். இன்னொருத்தி கால்களைத் தாங்கினாள். நேரே கொண்டுபோய் வெள்ளையடித்த தொட்டிக்குள் இரண்டு கால்களையும் விட்டார்கள். தண்ணீர் சாம்பலாகி, பிறகு ரோஸ் நிறமாகியது.

"ஏய்! அது குதிரை குடிக்கிற தொட்டி!"

"குதிரை நாளைக்குத்தாங்க வருது. கால் இன்னிக்கே போகுது. ஜீப்பக் குடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

"ஜீப் பண்டாரவளைக்குப் போகணும். சேணம் வருது." பிரதீஷ் குரலைக் குடும்பத் தலைவர் ஆக்கிக்கொண்டார். "பாருங்க, நாம எல்லாம் ஒரே குடும்பம். சின்னக் காயத்துக்கு இப்படிக் கூச்சல் போடக்கூடாது. தேங்காயெண்ணெ பூசி வீட்டுல படுக்கச் சொல்லு. நாளையிலேருந்து அவளுக்குப் பேரு இல்ல, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்."

பேரு இல்லை என்றால் அடுத்தது காம்பரா இல்லை. அது அங்கே நின்ற பன்னிரண்டு பேருக்கும் தெரியும். தங்கள் கால்களைக் குனிந்து பார்த்தார்கள். எல்லாக் கால்களும் ஒரே நிறமாக இருந்தன. சிலதில் எரிச்சல் இப்போதுதான் தொடங்கியிருந்தது.

கலாராணி கொட்டில் வாசலுக்குப் போனாள். மடித்து வைத்திருந்த குதிரைக் கம்பளங்களில் மேலே இருந்ததை உருவினாள். ஓரத்தில் பொன் நூலால் 'பிரின்சஸ்' என்று தைத்திருந்தது. இரண்டு முனையையும் முடிந்து, சவுக்குக் கம்பொன்றில் கோத்து, தொட்டில் கட்டினாள். லயத்து நோயாளி எப்போதும் அப்படித்தான் மலை இறங்குவது. ஆனால் இதுவரை பழைய கம்பளியில்தான் இறங்கியிருக்கிறார்கள்.

"அதத் தொடாத! அதோட விலை தெரியுமா?"

"மதினி காலோட விலை தெரியுங்களா?"

மற்றப் பெண்களில் நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த இராக்கம்மா, தைத்திருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். "என்னாடி எழுதியிருக்கு?"

"இளவரசின்னு மதினி."

"நல்லாயிருக்கு" என்றாள். "கால் போனப்பறந்தான் பட்டம் குடுக்குறாங்க."

தொட்டில் வளைவில் மறைந்தபோது எதிரே மூன்றாவது லொறி ஏறிக்கொண்டிருந்தது. அலவி ஓரங்கட்டி வழி விட்டார். கம்பளத்துக்குள் தொங்கிய கால்களையும் பார்த்தார்.

மேலே வந்து நின்றவரின் கையில் ஆலைச் சீட்டு. "கலந்தது பத்துப் பத்துக்கு. பதினொண்ணு நாப்பதுக்குள்ள கொட்டணும். அதுக்குமேல உள்ளயே இறுகிரும்."

"கொட்டுங்க, கொட்டுங்க!" பிரதீஷ் பிரம்பை ஆட்டினார். "மேல போட்டது இறுகுறதுக்குள்ள ஒட்டணும், இல்லாட்டி இடையில வெடிச்சுரும். எங்க பொம்பளைங்க? எறங்குங்க!"

இறங்கினார்கள். கலாராணி முதலில், மற்ற ஆறு பேரும் பின்னால். கீழ்க்கால்வாசிச் சேற்றில், கொங்கிரீட் விழவேண்டிய இடத்தில், வரிசையாக உட்கார்ந்தார்கள். மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"என்ன இது?"

"ஜீப் மதினிக்குப் பின்னால போகணுங்க. அவ சுகமாகி வர்ற வரைக்கும் பேரு விழணும். எங்களுக்குப் பூட்ஸ் வரணும். வந்தா எந்திரிப்போம்."

"டிரைவர்! நீ கொட்டு. தானா எந்திரிப்பாளுக."

அலவி காதைக் குடைந்துகொண்டார். "சேர், தரையில கொட்டச் சொல்லித்தான் சீட்டு இருக்கு. ஆக்கள் மேல கொட்டச் சீட்டு இல்ல." பீலியை மடித்து வைத்துவிட்டு, சில்லுக்குக் கல் அணை கொடுத்து, லொறியின் நிழலில் குந்தினார்.

"கங்காணி! பேரேட்ட எடு. ஒவ்வொருத்தி பேரையும் வெட்டு. லயத்தக் காலி பண்ணச் சொல்லு!"

சின்னராசா கங்காணி பேரேட்டை விரித்தார். முப்பது வருஷம் பேர் எழுதிய கை அது, எத்தனையோ பேரை வெட்டியும் இருக்கிறது. பேனாவைத் திறந்தார்.

"எழுதுங்க கங்காணி" என்றாள் கலாராணி. "ஏழு பேரையும் ஒரே கோட்டுல வெட்டிருங்க. நாளைக்குக் கொழுந்து எடுக்க யாரக் கூப்பிடுவீங்க, பிரின்சஸையா?"

சேற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. மேலே தேயிலைக்குள் புல்லு வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் இறங்கத் தொடங்கினான். பின்னால் இன்னும் இருவர்.

பிரதீஷ் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. குரல் திடீரென்று தேன் ஆனது. "சரி சரி, எழும்பி வாங்க. பங்களாவுல உக்காந்து பேசலாம்."

"பேச்ச இங்கயே வச்சுக்குவோங்க." கலாராணி இடுப்பில் செருகியிருந்த மட்டக்கம்பை உருவி, பலகை மட்டத்துக்குப் படுக்கவைத்தாள். கீழே ஒரு சாணும் ஒரு விரலும் இருட்டாகத் தெரிந்தது. "அன்னிக்கு அங்க நின்னே பள்ளத்த அளந்தீங்க. இன்னிக்கு எறங்கி வந்து பாருங்க தொரை."

பிரதீஷ் பலகையின் விளிம்புக்கு வந்தார். சேற்றைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

சின்னராசா பேனாவை மூடினார். பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றப் போனவர், கலாராணி வேண்டாமென்று தலையாட்டியதைப் பார்த்துக் கழற்றாமலே இறங்கினார். பெண்கள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். இறங்கி வருகிற மூன்று பேருக்கும் சேர்த்தே நகர்ந்தார்கள்.

கலாராணியின் கால் எரிந்தது. அவள் அதை நகர்த்தவில்லை. உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கொங்கிரீட் இறுக இன்னும் அரை மணி நேரம் இருந்தது.