பதக்கம் சூடிய நாற்காலி

நியாயம் அறிந்தவர்களே, சற்று இப்படி வாருங்கள்! பாரிசின் லா ஷப்பேலில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், ஒரு பெண்ணின் வெற்றியை அச்சேற்றிப் பறிக்கப் பார்க்கிறார்கள். வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள்!

மேசையில் கிடந்தது தமிழர் குறிபார்ப்போர் சங்கத்தின் முப்பத்தைந்தாம் ஆண்டு மலர்; மறுநாள் அச்சகம் போகவேண்டிய படி. அதன் எதிரே அமர்ந்திருந்தார் இராசேஸ்வரி; அப்பால் சங்கத்தின் தலைவரும் செயலாளரும்.

வரலாற்றைச் செயலாளர் சேந்தன் நன்றாகத்தான் எழுதியிருந்தார். தலைவர் இராஜதுரை அகதியாக முதலில் இறங்கியது ஜெர்மனியின் ஒரு சிற்றூரில். அங்கே ஆண்டுக்கொரு நாள் ஊரே கூடி மரப்பறவையைச் சுடும். வீழ்த்தியவர் அவ்வாண்டின் அரசர். பிறகு பாட்டு, ஆட்டம், விருந்து. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஜெர்மானியர், புதிய மண்ணில் தனித்துப் போகாதிருக்க, அங்கேயும் இதற்கென்றே குறிபார்ப்போர் சங்கம் கட்டினார்கள் என்று அவ்வூர்க்காரர் சொன்னார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று கேட்டு, இராஜதுரை பாரிசில் கட்டினார். புறநகர் பொபினியில் ஒரு விளையாட்டு மண்டபம், இரண்டு காற்றுத் துப்பாக்கிகள், நூலில் தொங்கும் ஒரு மரக்காகம். நூலை அறுத்துக் காகத்தை வீழ்த்துபவரின் பெயர் பொறித்த பதக்கம், சங்கத்தின் வெள்ளிச் சங்கிலியில் ஆண்டுதோறும் சேரும்.

எல்லாம் சரி. ஒரு வரி மட்டும் பொய். ‘1996: அரசர் பூபாலசிங்கம்.’

பூபாலசிங்கம் இராசேஸ்வரியின் கணவர். நூலை அறுத்தவரோ இராசேஸ்வரி! அந்நாளில் உறுப்பினர் அட்டை குடும்பத்துக்கு ஒன்று. அட்டையில் கணவர் பெயர் மட்டும். சுட்டது எந்தக் கையானாலும் வென்றது அட்டை! இத்தனை ஆண்டும் இராசேஸ்வரி அதைச் சிரித்துத் தள்ளினார். ஆனால் அச்சில் ஏறிய பொய்யை யார் சிரித்துத் தள்ளுவது? நாளை அதுதானே வரலாறு?

“சேந்தன், இந்த வரியை மாத்தும்.”

“அக்கா, நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

“நாளைக்குத்தானே? இண்டைக்கு மாத்தலாம்.”

இராஜதுரை, கையோடு கொண்டுவந்திருந்த சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். “பதக்கத்திலை என்ன கிடக்கு, பிள்ளை? பூபாலசிங்கம். வெள்ளியிலை வெட்டினதுக்கு மேலை என்ன சாட்சி? அண்டைக்கு உம்மை ராணியெண்டு கைதட்டினனாங்கள். அது காணாதே?”

“அப்ப, ராணி சுட ராசா ஆனவர் எண்டு எழுதுங்கோவன், துரையண்ணை.”

இராசேஸ்வரிக்கு அந்த நாள் மறக்கவில்லை. பதினொரு ஆண்கள் தவறவிட்ட நூல். அடக்கிப் பிடித்த மூச்சு. காகம் தரையில் விழுந்த ‘டக்’ என்ற ஓசை. அவர் பக்கத்தைப் புரட்டினார்; ஒரு படத்தின் மேல் விரலை ஊன்றினார்.

“அந்த வருசத்துப் படம். இதிலை ராசா எங்கையெண்டு காட்டுங்கோ.”

மண்டபம் நிறையச் சனம். நடுவில் ஒரு வெறும் நாற்காலி. அதன் முதுகில் வெள்ளிச் சங்கிலி. பக்கத்தில், கையில் துப்பாக்கியோடு, இளம் இராசேஸ்வரி. கீழே எழுதியிருந்தது: ‘அரசர் பூபாலசிங்கத்தால் பணி நிமித்தம் வர இயலவில்லை.’

எத்தனை விழாக்களில் சுவரில் தொங்கிய படம்! எத்தனை கண்கள் கடந்த படம்!

சேந்தனுக்குச் சிரிப்பு வெடித்தது. “அண்ணை, கதிரைக்கல்லோ முடிசூட்டியிருக்கிறியள்!”

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பூபாலசிங்கம் எழுந்தார். “நான் அண்டைக்கு ஸ்தேனிலை ஒரு ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். பத்ரோன், அதுதான் முதலாளி, லீவு தரேல்லை. வீட்டை வந்தால் நான் ராசாவாம்! எனக்கே இவதான் சொன்னவ.”

“பிறகேன் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை?” என்று சீறினார் இராஜதுரை.

“ஒவ்வொரு விழாவுக்கும் முதல் வரிசையிலை இருத்தினியள். சுகமாய்க் கிடந்தது, அண்ணை. அது என்ரை பிழைதான். வரியை மாத்துங்கோ.”

இராஜதுரை குனிந்து படத்தைப் பார்த்தார். நாற்காலிக்குப் பின்னால் கைதட்டி நிற்கும் ஆட்களில் அவரும் ஒருவர். பிறகு சங்கிலியிலிருந்து அந்தப் பதக்கத்தைக் கழற்றி இராசேஸ்வரியின் கையில் வைத்தார். சேந்தன் பேனாவை எடுத்தார்.

அருகே ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் நகைக்கடை திறந்திருந்தது. பழைய பெயர் தேய்ந்து மறைவதையும், ‘இராசேஸ்வரி’ என்று ஒவ்வோர் எழுத்தாக எழுவதையும் கணவரும் மனைவியும் கண்ணாடித் தடுப்பில் நெற்றி முட்டப் பார்த்து நின்றார்கள்.

“அப்ப என்ரை முதல் வரிசைக் கதிரை?” என்றார் பூபாலசிங்கம்.

“இந்தமுறை அதிலை நான். நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ.”

“காகம் சுடத் துவக்கு பிடிக்கவோ?”

“தேத்தண்ணி பிடிக்க.”

இருவரும் சிரித்த சிரிப்பில் பொற்கொல்லரின் கை ஒருகணம் நின்று, மீண்டும் பொறித்தது.

வாசகர்களே, உங்கள் சங்கத்திலும் ஒரு பெட்டியில் பழைய படங்கள் உறங்குகின்றன. இன்றே திறவுங்கள்! யார் பெயருக்குப் பதக்கம், யார் கையில் துப்பாக்கி என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் விடுபட்டவள் உங்கள் தெருவிலேயே இருப்பாள். அவள் கதவைத் தட்டுங்கள், கேளுங்கள், அடுத்த மலர் அச்சேறுமுன் அவள் பெயரை எழுதுங்கள்!